இரண்டாமவருக்கு ஓர் உத்தியோகம்

கால்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், வெற்றி பெற்றால் கோல் அடித்தவனின் பெயரை முதலில் எழுதுவார்கள். தோற்றுப்போனால் தலைமைப் பயிற்சியாளரின் பெயரை முதலில் எழுதுவார்கள். ஆனால் அந்தக் கோலை அடித்தவனுக்கு இடது காலாலும் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்து, தோற்ற அன்று இரவு பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்து, மறுநாள் பொழுது விடிவதற்குள் மைதானத்தில் கோன்களை வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருக்கிற மனிதரின் பெயரை வெற்றியிலும் எழுதுவதில்லை, தோல்வியிலும் எழுதுவதில்லை. அவர்தாம் உதவிப் பயிற்சியாளர். உலகின் பல தேசங்களில் அது மாதச் சம்பளமும் பதவி உயர்வும் உள்ள கௌரவமான உத்தியோகம். நம்முடைய கல்லூரிகளிலோ, நீலகிரி மலையிலுள்ள கல்லூரிகள் உட்பட, அப்படி ஓர் உத்தியோகமே கிடையாது. காரியம் இருக்கிறது, அதை யாரோ ஒருவர் செய்துகொண்டும் இருக்கிறார், பதவியும் சம்பளமும்தான் இல்லை. இந்த நிலைமை மாற வேண்டும் என்பதும், அந்த மாறுதலைத் தொடங்குவதற்கு நீலகிரியே தகுந்த இடம் என்பதும் என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரும், அவருக்குக் கீழே இரண்டு மூன்று உதவியாளர்களும் இருப்பது சர்வ சாதாரணம். ஒருவர் கோல்கீப்பர்களை மாத்திரம் கவனிப்பார். இன்னொருவர் ஊர் ஊராகச் சென்று பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து, அடுத்த வருஷத்து அணிக்கு ஆள் தேடுவார். மற்றொருவர் எதிரணியின் ஆட்டங்களை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெழுதுவார். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மகளிர் அணியை 1979 முதல் நடத்தி, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வேறெவரும் எட்டாத கீர்த்தியை அடைந்த ஆன்சன் டோரன்ஸ், 2024 ஆகஸ்டில், போட்டிப் பருவம் தொடங்கவிருந்த தறுவாயில், ஓய்வு பெற்றார். பல ஆண்டுகளாக அவருக்கு உதவியாளராக இருந்த டாமன் நஹாஸ் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். அந்த டிசம்பரிலேயே, வேக் ஃபாரஸ்ட் அணியை ஒரு கோலுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்று, தேசியப் பட்டம் மறுபடியும் வட கரோலினாவுக்கே வந்தது. தலைவர் போனதும் தளர்ந்துவிடாத ஓர் அணியைக் காணும்போது, அதன் பலம் தலைவரிடம் மாத்திரம் இருந்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பெண்ணின் ஓட்டத்தையும் காயத்தையும் மனோபாவத்தையும் பக்கத்திலிருந்தே அறிந்திருந்த இரண்டாமவர் ஒருவர் அங்கே தயாராக இருந்தார்.

அது பணக்கார தேசம், நமக்கு அது உதாரணம் ஆகாது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நியாயந்தான். ஆகையால் நம் தேசத்தையே பார்ப்போம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய நாளிலிருந்து நெடுங்காலம் அதன் அணிகளுக்குத் தலைமை தாங்கியவர்கள் வெளிநாட்டவர்களாகவே இருந்தார்கள். இந்தியருக்கு இருந்த ஸ்தானம் பெரும்பாலும் உதவியாளரின் ஸ்தானமே. ஐசால் அணியைத் தேசிய லீகில் வெற்றி பெறச் செய்த காலித் ஜமீல்கூட, பின்னர் வடகிழக்கு யுனைடெட் அணியில் உதவியாளராகத்தான் இருந்தார். 2021-இல் தலைமைப் பயிற்சியாளர் நடுவிலே விலகியபோது பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தடுமாறிக்கொண்டிருந்த அந்த அணியை அவர் அரையிறுதிவரை கொண்டுபோனார். அதே ஆண்டில் நிரந்தரத் தலைமைப் பதவியையும் பெற்றார். 2025-இல் இந்திய தேசிய அணிக்கே பயிற்சியாளரானார். நம்முடைய சென்னையிலே சையது சபீர் பாஷா இருக்கிறார். இந்தியன் வங்கி அணியில் ஆடிப் புகழ் பெற்று, இந்தியாவுக்காகவும் ஆடிய அவர், சென்னையின் எஃப்.சி. அணியில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் மாறி மாறி வந்த காலத்திலெல்லாம் உதவியாளராக நிலைத்து நின்றார். ஜான் கிரெகரியின் தலைமையில் 2018-இல் அந்த அணி கோப்பை வென்றபோதும் உடனிருந்தார். 2022-இல் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது அணியைத் தற்காலிகமாக நடத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது. வருகிறவர்கள் வருவார்கள், போகிறவர்கள் போவார்கள். பிள்ளைகளின் பாஷை தெரிந்து, வீட்டு நிலைமை தெரிந்து, யாரைக் கடிந்துகொண்டால் திருந்துவான், யாரைக் கடிந்துகொண்டால் ஒடிந்துபோவான் என்று அறிந்தவர் ஒருவர் நிலையாக இருந்தால்தான் அணி அணியாக இருக்கும்.

நீலகிரிக்கு இது புதிய சங்கதி அல்ல. குன்னூருக்கு அடுத்த வெலிங்டனில், ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் என்று இன்று வழங்கும் பழைய பாசறையில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர், 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888-இல் சிம்லாவில் தொடங்கி, தேசத்திலேயே மிகப் பழமையானதாகக் கொண்டாடப்படும் கால்பந்துப் போட்டி அது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் ஹைதராபாத் போலீஸும் ஆட்சி செலுத்திய அந்தக் காலத்தில், மலைமேல் இருந்த ஒரு ராணுவப் பயிற்சி நிலையம் மூன்று வருஷ இடைவெளியில் இருமுறை அந்தக் கோப்பையைக் கைப்பற்றியது அற்ப காரியமல்ல. அந்த அணியின் கோல் கம்பத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்த அவர், ஆரம்பத்தில் கோல்கீப்பர் அல்ல. எதிரியின் கோலை நோக்கிப் பாய்கிற சென்டர் பார்வர்டு. பிறகுதான் கோல் கம்பத்துக்கு மாறினார். அந்த மாறுதலுக்குப் பின் அவர் இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இடம் பெற்றதும், 1962-இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் கோல் காத்ததும், 1967-இல் அர்ஜுனா விருது பெற்றதும் பிரசித்தமான சரித்திரம்.

நான் சிந்திக்கச் சொல்லுவது அந்த மாறுதலைப் பற்றி. உயரமும் வேகமும் உள்ள ஒரு வாலிபன் பந்தை உதைக்கிறதைவிடப் பிடிக்கிறதில் அதிக சாமர்த்தியசாலி என்பது, ஆட்டத்தன்று கொடிக்கம்பத்தருகில் நாற்காலி போட்டு உட்காருகிறவருக்குப் புலப்படுகிற விஷயமல்ல. தினந்தோறும் மாலையில் பக்கத்தில் நின்று, பயிற்சி முடிந்த பிறகும் பிள்ளைகள் விளையாட்டாகப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நிற்கிற கண்ணுக்குத்தான் அது புலப்படும். ராணுவத்தில் அப்படிப்பட்ட கண்களுக்குப் பஞ்சமில்லை. ஹவில்தார் முதல் சுபேதார் வரை பயிற்சி கொடுப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் அங்கே நிரம்ப உண்டு. கல்லூரிகளில்தான் பஞ்சம்.

உதகமண்டலத்தில் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955 முதல் நடந்துவரும் அரசு கலைக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும் சரி, கூடலூர் அரசு கல்லூரியை எடுத்துக்கொண்டாலும் சரி, மகளிர் கல்லூரிகளை எடுத்துக்கொண்டாலும் சரி, விளையாட்டுக்கென்று அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் அங்கீகரித்திருக்கிற பதவி உடற்கல்வி இயக்குநர் என்ற ஒன்றுதான். அந்தப் பதவிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும், ஓடிக் காட்டுகிற உடல்தகுதிச் சோதனையும் உண்டு. இவ்வளவு யோக்கியதையோடு வருகிறவர், வந்த மறுநாள் முதல் கபடிக்கும் வாலிபாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் சதுரங்கத்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் ஏக காலத்தில் பொறுப்பாளியாகிறார். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடுவதும், சுதந்திர தின அணிவகுப்பை ஒழுங்கு செய்வதும், பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவங்களில் கையெழுத்து வாங்குவதும் அவரே. பிள்ளைகள் பி.டி. சார் என்று அன்போடு அழைக்கிற அந்த மனிதரை நான் குறை கூறவில்லை. ஒருவரே பத்து ஆட்டங்களுக்குத் தலைவராக இருக்கலாம். பத்து ஆட்டங்களிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் நிற்கிறவராக இருக்க ஒருவராலும் முடியாது.

பக்கத்தில் நிற்பது என்றால் என்ன என்பதை ஒரு திருஷ்டாந்தத்தால் காட்டுகிறேன். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் பந்துக்குத் தடையும் குறைவு. மலை மைதானத்தில் ஒரு கோல்கீப்பர் உதைக்கிற கோல் கிக் மையக் கோட்டைத் தாண்டி விழுந்தால், அதே காலால் அதே பலத்தோடு கோயம்புத்தூரில் உதைக்கிற கிக் கோட்டுக்கு இப்பாலேயே விழுந்துவிடும். பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்கு மலைப் பிள்ளைகள் சமவெளிக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் புறப்பட்டு, குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் காது அடைத்து, வயிறு குமட்டி, பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையத்து வெயிலில் இறங்குகிறவர்கள், ஈரமான கிகுயு புல்லில் ஆடிப் பழகிய கால்களோடு இறுகிய செம்மண் தரையில் நிற்கிறார்கள். பந்து எதிர்பார்த்ததைவிட உயரக் குதிக்கிறது. நீளமாக வருமென்று நினைத்துப் பின்வாங்கிய தடுப்பாட்டக்காரனுக்கு முன்னால் அது குத்தி விழுகிறது. எதிரணிக்காரன் அதைக் கொண்டுபோய்க் கோல் அடித்துவிடுகிறான். கீழே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், மலைப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பலம் உண்டு, ஆட்ட அறிவு போதாது என்கிறார்கள்.

ஆட்ட அறிவு இல்லாமற் போனதற்குக் காரணம் பிள்ளைகளா? கூட ஓர் உதவிப் பயிற்சியாளர் இருந்திருந்தால், முதல் நாளே அணியை இறக்கி ஒரு மாலைப் பொழுது கீழே பழக்கியிருப்பார். அதற்குப் பணமில்லை என்றால், ஆட்டத்துக்கு அரைமணி முன்பு கோல்கீப்பரைப் பத்துக் கிக் உதைக்கச் சொல்லி, நடுத் தடுப்பாட்டக்காரனை அவை விழுகிற இடத்தைக் காலால் கோடு கிழித்துக்கொள்ளச் செய்து, இன்றைக்கு நீ நிற்க வேண்டிய இடம் இது, ஊட்டியில் நிற்கிற இடமல்ல என்று காட்டியிருப்பார். சமவெளி அணி மலைக்கு ஏறி வருகிறபோது அதன் மூச்சு எந்த நேரத்தில் இளைக்கும், அந்த நேரத்தில் பந்தை எந்தப் பக்கமாக ஓடவிட்டால் அவர்கள் திணறுவார்கள் என்பதையும் கணக்கிட்டு வைத்திருப்பார். உயரத்தின் சாதக பாதகங்கள் கற்பனையல்ல. 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் கூடாதென்று 2007-இல் ஃபிஃபா தடை விதித்ததும், பொலிவியாவும் மற்ற மலை தேசங்களும் கொதித்தெழுந்ததும், மறு வருஷம் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டதும் இந்த விஷயத்தின் கனத்தை உணர்த்தும். உலகம் வாதாடுகிற ஒரு சாதகம் நம் வாசலிலேயே இருக்கிறது. அதை உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஆள் இல்லை.

ஆள் அறவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெரும்பாலும் ஒரு பழைய மாணவர் இருக்கிறார். காலையில் கேரட் கழுவுகிற இடத்தில் கணக்கெழுதியோ, சுற்றுலாப் பயணிகளுக்கு டாக்ஸி ஓட்டியோ பிழைத்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுகிறார். பிள்ளைகள் அவரை அண்ணா என்பார்கள். மேகம் இறங்கி எதிர்க் கோல் கம்பம் மறைந்துபோன நாளிலும், விசில் ஓசையை வைத்தே ஆட்டத்தை நடத்துவார். கிழிந்த பூட்ஸுக்குப் பசை வாங்கிக் கொடுப்பதும், சுளுக்கிய காலுக்கு ஐஸ் வைப்பதும், பரீட்சையில் தவறியவனை வீடு தேடிப் போய் அழைத்துவருவதும் அவரே. இதற்கெல்லாம் அவருக்குக் கிடைக்கிற பிரதிபலன், ஆண்டு விழாவில் ஒரு சால்வை. ஒரு வருஷம் வருவார், இரண்டு வருஷம் வருவார். கல்யாணப் பேச்சு வந்ததும் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஒரு கம்பெனியில் வேலை தேடி மலையிறங்கிவிடுவார். அவரோடு அவர் சேர்த்துவைத்த அறிவும் இறங்கிவிடுகிறது. அடுத்து வருகிறவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ‘இ’, ‘டி’ என்று தொடங்கி ‘சி’, ‘பி’, ‘ஏ’ என ஏறி ‘புரோ’வில் முடிகிற பயிற்சியாளர் உரிமங்களை வகுத்து வைத்திருக்கிறது. ஏணி இருக்கிறது. ஆனால் மேல்படிகளில் ஏற, கட்டணத்தோடு பயிற்சி அளித்த அனுபவமும் வேண்டும். சம்பளமில்லாதவர் கட்டணத்துக்கு எங்கே போவார்? பதவியில்லாதவரின் அனுபவத்துக்கு எவர் அத்தாட்சி கொடுப்பார்?

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால், வழிக்கடவும் நிலம்பூரும் கடந்து மம்பாடு என்ற ஊர் வரும். அங்கேயுள்ள எம்.இ.எஸ். கல்லூரி மலபாரின் கால்பந்து நாற்றங்கால்களில் ஒன்று. கேரளத்தில் மாநில விளையாட்டுக் கவுன்சில் கல்லூரிகளில் விளையாட்டு விடுதிகளை நடத்தி, அவற்றுக்கென்று தனியாகப் பயிற்சியாளர்களையும் நியமிக்கிற சம்பிரதாயம் நெடுங்காலமாக இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்க, பந்துக்கென்றே இன்னொருவரும் இருப்பது அங்கே ஆடம்பரமாகக் கருதப்படுவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பலமுறை வென்றிருப்பதற்கு அந்த மண்ணின் மோகம் மாத்திரம் காரணமல்ல. மோகம் கூடலூரிலும் பந்தலூரிலும் குறைவில்லை. செவன்ஸ் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஒரே மழை, ஒரே மண், ஒரே ஆட்டம். கணவாயின் இரு பக்கங்களுக்கும் இருக்கிற வித்தியாசம், ஒரு பக்கத்தில் அந்த மோகத்தை வித்தையாக்குகிறவருக்குச் சம்பளம் உண்டு என்பதே.

பெண்கள் விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 2018-இல் தேசிய மகளிர் கால்பந்தில், அசைக்க முடியாதென்று எண்ணப்பட்ட மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வென்று தமிழ்நாடு பட்டம் பெற்றது. அந்த வெற்றியைக் கண்டு உற்சாகம் அடைந்த பெண்கள் மலையிலும் உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிற ஒரு பெண், இருட்டும் வரை பயிற்சி செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால், அவளைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிடுவதற்கும், வீட்டாரிடம் சென்று தைரியம் சொல்வதற்கும் பெண் பயிற்சியாளர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஆடி ஓய்ந்த பெண்களில் எத்தனையோ பேர் அந்த வேலைக்குத் தகுதியானவர்கள், அழைப்பதற்குத்தான் பதவியில்லை.

ஆட்சேபங்களை நான் அறியாமலில்லை. வகுப்பறைகளிலேயே ஆசிரியர் காலியிடங்களை நிரப்ப முடியாமல், கௌரவ விரிவுரையாளர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துக் காலம் தள்ளுகிற அரசு, பந்து உதைக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஆள் வைக்குமா என்று கேட்பார்கள். கல்லூரி ஒவ்வொன்றுக்கும், ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நீலகிரியின் கால்பந்துக்கு மூன்று பேர் போதும்: உதகமண்டலத்தைச் சுற்றிய கல்லூரிகளுக்கு ஒருவர், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு ஒரு பெண் பயிற்சியாளர், கூடலூர், பந்தலூருக்கு ஒருவர். சம்பளத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கொடுக்கட்டும்; மைதானத்தையும் நேரத்தையும் கல்லூரிகள் கொடுக்கட்டும். வேலையில் சேரும்போது ‘டி’ உரிமம் இருக்க வேண்டும், மூன்றாண்டுக்குள் ‘சி’ உரிமம் பெற வேண்டும், அதற்கான கட்டணத்தை ஆணையம் ஏற்க வேண்டும், இந்தச் சேவைக் காலம் பின்னால் அரசுப் பயிற்சியாளர் நியமனத்தில் முன்னுரிமையாகக் கணக்கிடப்பட வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகள் இருந்தால், பழைய மாணவரின் தயவில் நடக்கிற காரியம் ஒரு வாழ்க்கைத் தொழிலாகிவிடும்.

உடனே கோப்பை வருமா என்று இன்னொரு கேள்வி எழும். வராது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்த பிறகு சில மாதம் இலை கிடைக்காது. அதை நஷ்டமென்று எந்தத் தோட்டக்காரரும் எழுதிவைப்பதில்லை. நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பருவம் மூன்று வருஷம். முதலாண்டில் சேர்ந்தவன் மூன்றாமாண்டில் என்ன ஆனான் என்பதே சரியான அளவுகோல். மாவட்ட லீகில் எத்தனை பேர் ஆடினார்கள், பல்கலைக்கழக அணிக்கு எத்தனை பேர் தேர்வானார்கள், காயத்தால் விலகியவர்கள் எத்தனை பேர், ஆட்டத்தின் பொருட்டுப் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்துப் பகிரங்கமாக வெளியிட்டால், பதவியின் பிரயோஜனம் எவருக்கும் பிரத்தியட்சமாகிவிடும்.

முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து ரொக்கப் பரிசு வழங்குகிற அரசு, அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தருகிற அரசு, பரிசு வாங்குகிறவனைத் தயார் செய்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பதையும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும். கடைசிப் படியில் நிற்கிறவனுக்கு மாலை சூட்டி, அவனை முதற்படியில் ஏற்றிவிட்டவரைப் பட்டினி போடுவது நீதியும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் மூன்றே மூன்று நியமனங்களுக்கு ஆணை பிறக்கட்டும். மூன்று வருஷம் கழித்துக் கணக்குப் பார்ப்போம். பிரயோஜனமில்லை என்று தெரிந்தால், அந்தப் பதவிகளை ரத்து செய்யுங்கள் என்று இதே பத்திரிகையில் முதலில் எழுதுகிறவன் நானாக இருப்பேன்.